பெட்டி மீனும் பென்ஸ் காரும்

2005ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் வாஷிங்டனில் ஒரு சோதனைக் காரைக் காட்சிக்கு வைத்தது. பவளப்பாறைகளுக்கிடையே திரியும் பெட்டி மீனைப் பார்த்து வடிவமைத்தது என்றார்கள். பேருக்கு ஏற்றபடி சதுரித்த உடல், அதன்மேல் எலும்புத் தகடுகளாலான கவசம். பார்த்தால் நீந்தவே லாயக்கில்லாததுபோல் இருக்கும் இந்த மீன் தண்ணீரை எளிதாகக் கிழித்துக்கொண்டு போகிறது, சுழலிலும் நிலைகுலையாமல் இருக்கிறது என்பது அன்றைய கருத்து. காரின் காற்றுத்தடைக் கெழு 0.19. அக்காலத்துச் சாலைக் கார்களை வைத்துப் பார்த்தால் அபாரமான எண்.

பத்து ஆண்டு கழித்து, 2015இல், பெல்ஜிய உயிரியலாளர் சாம் வான் வாசன்பெர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் அதே மீனின் உடலை நுணுக்கமாக அளந்து, மாதிரி செய்து, நீரோட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள். விடை தலைகீழாக வந்தது. மற்ற மீன்களோடு ஒப்பிட்டால் பெட்டி மீன் மேல் நீரின் இழுவை அதிகம். நீரோட்டம் அதன் உடலை நிலைப்படுத்தவில்லை, திருப்பிவிடத்தான் பார்க்கிறது. பாறை இடுக்குகளில் சட்டென்று திரும்ப வேண்டிய மீனுக்கு அதுதான் தேவை. வேகமாக நேர்க்கோட்டில் போகவேண்டிய காருக்கு அது எதற்கு?

கார் நன்றாகத்தான் இருந்தது. அதன் பின்னால் சொன்ன கதைதான் நிற்கவில்லை. மீனின் சாயலை எடுத்துக்கொண்ட பிறகு காற்றுச் சுரங்கத்தில் வைத்து வளைத்து, தேய்த்து, அளந்தவர்கள் பொறியாளர்கள். பயோமிமிக்ரி என்று இன்று அழைக்கப்படும் துறை முழுக்க இதே சிக்கல் உண்டு. உயிர்களிடமிருந்து பொறியியல் உண்மையில் எதை வாங்கியிருக்கிறது, எதை வாங்கியதாகச் சொல்லிக்கொள்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்காவிட்டால், இந்தத் துறையைப் பற்றி எழுதுவதெல்லாம் வியப்புக் குறிகளாகவே முடிந்துவிடும்.

பேரை விடக் காரியம் பழையது. பறப்பதற்கு இறக்கை அடிக்க வேண்டும் என்று நம்பி உயரத்திலிருந்து குதித்தவர்களின் பட்டியல் நீளமானது. வழி திறந்தது, பறவையைக் கூறு போட்டு யோசித்தபோது. பறவையின் இறக்கை ஒரே வீச்சில் இரண்டு வேலை செய்கிறது: உடலை மேலே தாங்குவது, முன்னே தள்ளுவது. இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி 1799இலேயே இவ்விரண்டையும் பிரித்தார். தாங்குவதற்கு அசையாத இறக்கை, தள்ளுவதற்குத் தனிக் கருவி. ரைட் சகோதரர்கள் பறவையிடமிருந்து எடுத்துக்கொண்டது இறக்கை நுனியை முறுக்கித் திரும்பும் வித்தையை மட்டும். பிறகு விமானங்கள் அதையும் விட்டுவிட்டு, இறக்கையின் ஓரத்தில் கீலிட்ட மடிப்புக்கு மாறின. இன்றைய ஏர்பஸ்ஸில் பறவை எங்கே இருக்கிறது என்று தேடினால், இறக்கையின் வெட்டுத்தோற்றத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

மார்க் இசம்பார்ட் புருனேல் 1818இல் காப்புரிமை பெற்ற சுரங்கம் தோண்டும் கவசத்துக்கு முன்மாதிரி, மரக்கலங்களை அரிக்கும் கப்பல் புழு. ஓட்டுத் தலையால் மரத்தைக் குடைந்துகொண்டே, குடைந்த வழியின் சுவரைச் சுண்ணப் பூச்சால் மெழுகிக்கொண்டே போகும் பிராணி அது. தோண்டுவதும் தாங்குவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதைப் புருனேல் பிடித்துக்கொண்டார். லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கடியில் 1825இல் தொடங்கிய சுரங்கம் 1843இல் திறக்கப்பட்டது. மெட்ரோ ரயிலுக்காக இன்று பூமியைக் குடையும் ராட்சத இயந்திரங்கள் அந்தக் கவசத்தின் வழிவந்தவை.

துறைக்குப் பேர் வந்தது 1950களில். அமெரிக்காவின் ஓட்டோ ஷ்மிட் 'பயோமிமெடிக்ஸ்' என்றார். கணவாய் மீனின் நரம்பு துடிப்பை எப்படிக் கடத்துகிறது என்று 1930களில் ஆராய்ந்தபோது அவர் உருவாக்கிய மின்சுற்றுதான், எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஆய்வகத்தில் கட்டிப் பார்க்கும் ஷ்மிட் ட்ரிக்கர். அமெரிக்க விமானப்படையின் மருத்துவர் ஜாக் ஸ்டீல் 'பயோனிக்ஸ்' என்ற பேரைப் பரப்பினார். 1997இல் ஜனைன் பென்யுஸ் எழுதிய 'பயோமிமிக்ரி' நூல் இதற்குச் சுற்றுச்சூழல் நிறம் பூசியது. இயற்கையைப் பார்த்துச் செய்தால் இயற்கைக்கு நல்லது என்ற நம்பிக்கை அதிலிருந்து பரவியது. அந்த நம்பிக்கை எல்லா இடத்திலும் செல்லாது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஜெயித்த கதைகளில் எளிமையானது வெல்க்ரோ. 1941இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்த்ரால் வேட்டைக்குப் போய்வந்தபோது, நாயின் மயிரில் ஒட்டிய காய்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். முள் நுனியெல்லாம் கொக்கி. நம் ஊரில் நாயுருவிச் செடியோரம் நடந்தவர் வேட்டியைக் கேட்டாலே சொல்லும், ஒட்டிக்கொள்ளும் விதைகளின் சாமர்த்தியத்தை. கொக்கி கண்ணுக்குத் தெரியும் அளவு, செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்று, நைலான் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. அப்படியிருந்தும் தறியில் அதை ஒழுங்காக நெய்து காப்புரிமை பெற 1950கள் வரை ஆயிற்று.

அளவு இறங்க இறங்கக் கதை கடினமாகிறது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பதற்கு நாம் பழமொழியே வைத்திருக்கிறோம். ஏன் ஒட்டாது என்று பார்க்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வரவேண்டியிருந்தது. ஜெர்மனியின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லோட் 1970களில் ஆயிரக்கணக்கான இலைகளின் மேற்பரப்பைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். மைக்ராஸ்கோப்பில் வைக்குமுன் இலையைத் துடைக்க வேண்டும். சில இலைகளுக்கு மட்டும் துடைக்கும் வேலையே இல்லை. விந்தை என்னவென்றால் அவை வழவழப்பான இலைகள் அல்ல, சொரசொரப்பானவை. தாமரை இலைமேல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் மொட்டு மொட்டாகப் புடைப்புகள், ஒவ்வொரு புடைப்பின் மேலும் அதைவிடப் பல மடங்கு சிறிய மெழுகுத் துகள்கள். துளி அந்த முனைகளின்மேல் உட்கார்கிறது, அடியில் காற்று. எனவே அது கிட்டத்தட்ட உருண்டையாகவே நின்று உருள்கிறது, உருளும்போது தூசியையும் ஏற்றிக்கொண்டு போகிறது. பார்த்லோட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸும் 1997இல் இதை விரிவாக வெளியிட்டனர். 1999இல் 'லோட்டுசான்' என்ற பேரில் சுவர்ப் பூச்சு விற்பனைக்கு வந்தது.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் இருக்கிறது. இலையின் மெழுகு உதிர்ந்தால் இலை மறுபடி சுரந்துகொள்ளும். பூச்சு சுரக்காது. உரசலும் வெயிலும் நுண்புடைப்பைத் தேய்க்கத் தேய்க்கப் பூச்சின் வித்தை மங்கும். வடிவத்தைக் கடன் வாங்கிவிட்டோம். அந்த வடிவத்தை நாள்தோறும் பேணிவரும் உயிரைக் கடன் வாங்க வழி தெரியவில்லை. இந்தத் துறையில் பாதித் தோல்விகளுக்கு இதுவே காரணம் என்பேன்.

பல்லியை எடுத்துக்கொள்வோம். சுவரில் அது எப்படி ஒட்டுகிறது என்பது அரிஸ்டாட்டில் காலத்துக் கேள்வி. பசை, உறிஞ்சுதல், நகத்தின் பிடி என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். 2000இல் கெல்லர் ஆட்டம் குழுவினர் டோக்கே பல்லியின் காலிலிருந்து ஒரே ஒரு மயிரை எடுத்து அதன் பிடிமானத்தை அளந்தார்கள். 2002இல் அது வாண்டர் வால்ஸ் விசையால் என்று காட்டினார்கள். எந்த இரு பொருளும் மிக மிக நெருங்கினால் மூலக்கூறுகளுக்கிடையே எழும் மெல்லிய ஈர்ப்புதான் அது. பல்லியின் பாதத்தில் லட்சக்கணக்கான மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கில் கிளைத்து, ஒவ்வொரு கிளையின் முனையும் சுமார் 200 நானோமீட்டர் அகலமுள்ள துடுப்பாக முடிகிறது. சுவரின் மேடுபள்ளத்தோடு அவ்வளவு நெருங்க முடிவதால் மெல்லிய விசை கூடிக்கூடிப் பெரிதாகிறது.

ஒட்டுவதை விட விடுவதுதான் பெரிய காரியம். ஒட்டிக்கொள்ளும் டேப்புகள் நம்மிடம் ஏராளம், நொடிக்குப் பலமுறை ஒட்டி உரித்து ஒட்டுவது ஒன்றும் இல்லை. பல்லியின் மயிர் இழுக்கும் திசையில் மட்டும் பிடிக்கும், கோணம் மாறினால் தானே விட்டுவிடும். 2003இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம் (கிராஃபீனுக்காகப் பின்னர் நோபல் வாங்கியவர்) நுண்மயிர்களாலான டேப் ஒன்றைச் செய்து ஸ்பைடர்மேன் பொம்மையைத் தொங்கவிட்டார். சில தடவை ஒட்டி எடுத்ததும் மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போயின. மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2012இல் மயிரையே தூக்கி எறிந்தது. பல்லியின் பாதத்தில் தோலும் தசைநாரும் பின்னியிருக்கும் விதத்தைப் பார்த்து, மென்மையான ரப்பரை விறைப்பான துணியோடு இணைத்தது. உள்ளங்கை அளவுத் துண்டு சில நூறு கிலோவைத் தாங்கியது. நுண்மயிரைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்குத் தசைநார் கண்ணில் படவே இல்லை.

இன்னொரு தடை, உருவளவு. உடல் பெரிதாகும்போது எடை கன அளவில் ஏறும், பாதத்தின் பரப்பு சதுர அளவில்தான் ஏறும். கேம்பிரிட்ஜில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் கணக்குப் போட்டது: மனிதன் பல்லி மாதிரிச் சுவரில் நடக்க வேண்டுமானால் உடற்பரப்பில் 40 விழுக்காடு ஒட்டும் தகடாக இருக்க வேண்டும். சுவரில் ஒட்டி நடக்கும் விலங்குகளில் பல்லியே பெரியது என்பதற்கும் இதுவே காரணம். ஆனால் இரண்டு ஆண்டு முன்பே ஸ்டான்ஃபோர்டில் மார்க் கட்கோஸ்கியின் ஆய்வகத்தில், 70 கிலோ எடையுள்ள ஒருவர் கையளவுத் தகடுகளைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிச் சுவரில் ஏறிக்காட்டிவிட்டார். தகட்டைச் சிறு சிறு சில்லுகளாகப் பிரித்து, எல்லாச் சில்லும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும்படி விசைவில் அமைத்ததுதான் சூட்சுமம். பல்லியிடம் இல்லாத சூட்சுமம் அது. கண்ணாடி சுத்தமாக இருக்கவேண்டும் என்பது உபரி நிபந்தனை. தூசு படிந்த நம் வீட்டுச் சுவரில் ஏறுவது இன்னும் பல்லிக்கே உரிய காரியம்.

சுறாவின் கதையில் வியாபாரம் நுழைகிறது. சுறாத் தோலில் பற்களைப் போன்ற நுண்செதில்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் வரிகள். இத்தகைய வரிப்பள்ளம் உராய்வைக் குறைக்கும் என்பது ஆய்வகத்தில் உறுதியானது. பெர்லினில் டீட்ரிக் பெகர்ட் குழுவினர் வரிகளைச் செம்மையாக அமைத்து, தட்டையான பரப்பை விட 10 விழுக்காடு அளவுக்கு உராய்வைக் குறைத்தார்கள். 1987இல் அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் போட்டியில் வென்ற 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' படகின் அடியில் வரிப்பள்ளப் படலம் ஒட்டியிருந்தது. 2000இல் ஸ்பீடோ நீச்சலுடை சுறாவின் பேரால் விற்றது. ஹார்வர்டில் ஜார்ஜ் லாடர் 2012இல் அந்தத் துணியையும் உண்மையான சுறாத் தோலையும் ஒப்பிட்டார். துணியின் மேற்பரப்பு வரிகளால் பயன் தெரியவில்லை. சுறாத் தோலோ, வளைந்து நீந்தும் தகட்டில் ஒட்டியபோது வேகத்தைச் சராசரியாக 12 விழுக்காடு கூட்டியது, அசையாத தகட்டில் கூட்டவில்லை. செதில்கள் உராய்வைக் குறைப்பதோடு நில்லாமல் முன்னுந்தலுக்கும் உதவுகின்றன போலும். அந்த நீச்சலுடை வீரர்களை வேகப்படுத்தியிருந்தால், அது உடலை இறுக்கிப் பிடித்ததால் இருக்கலாம் என்பது லாடரின் கருத்து. அதேசமயம் சுறாவை நினைக்காமல் வரிப்பள்ளத்தை மட்டும் நினைத்தவர்கள் விமானத்தில் வெற்றி கண்டார்கள். லுஃப்தான்சா டெக்னிக்கும் பிஏஎஸ்எஃப்பும் சேர்ந்து உருவாக்கிய ஏரோஷார்க் படலம் 2022 முதல் பெரிய போயிங் 777 விமானங்களில் பறக்கிறது. மிச்சமாகும் எரிபொருள் ஏறக்குறைய 1 விழுக்காடு. மேடையில் கைதட்டு வாங்காத எண் அது. ஆண்டு முழுக்கப் பறக்கும் விமானத்துக்கு அது பெரிய பணம்.

ஜப்பானின் மீன்கொத்தி ரயில் எல்லாருக்கும் தெரிந்தது. வேகமாகச் சுரங்கத்துக்குள் நுழையும் ரயில் முன்னால் இருக்கும் காற்றை அமுக்க, மறுமுனையில் வெடிபோல் சத்தம் கேட்கும். பறவை ஆர்வலரான பொறியாளர் எய்ஜி நகாட்சு, தெறிப்பில்லாமல் தண்ணீருக்குள் பாயும் மீன்கொத்தியின் அலகைச் சுட்டிக்காட்டினார். 1997இல் 500 வரிசை ரயில் 15 மீட்டர் நீள மூக்கோடு மணிக்கு 300 கிலோமீட்டரில் ஓடியது. சொல்லப்படாத பிற்பகுதி இன்னும் சுவையானது. 2007இல் வந்த என்700 ரயிலின் மூக்கு 10.7 மீட்டர்தான், மீன்கொத்தியின் சாயல் கிடையாது. அந்த வடிவத்தைக் கண்டெடுத்தது மரபணு வழிமுறை எனப்படும் கணினி முறை: ஆயிரக்கணக்கான வடிவங்களைக் கலந்து, மாற்றி, மோசமானதைக் கழித்து, நல்லதை மறுபடி கலப்பது. பறவையை விட்டுவிட்டுப் பறவையை உண்டாக்கிய முறையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த எண்ணத்துக்கு ஒரு பழைய பெர்லின் பரிசோதனை உண்டு. 1964இல் இங்கோ ரெகென்பெர்க் காற்றுச் சுரங்கத்தில் ஒரு தகட்டை வைத்தார். தகட்டில் ஐந்து கீல்கள், ஒவ்வொரு கீலுக்கும் 51 நிலைகள். ஆக 34 கோடிக்கும் மேலான வடிவங்கள். கோணலும் மாணலுமாகத் தொடங்கி, குருட்டாம்போக்கில் கீல்களை மாற்றி, காற்றுத்தடை குறைந்தால் வைத்துக்கொண்டு கூடினால் விட்டுவிட்டார். சில நூறு படிகளில் தகடு தானாகவே ஏறக்குறைய தட்டையாகிவிட்டது. விடை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வழி யாருக்கும் தெரியாதிருந்தது. (இதே ரெகென்பெர்க் பின்னாளில் மொராக்கோ பாலைவனத்தில் கரணமடித்து ஓடும் சிலந்தியைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பேரையே வைத்திருக்கிறார்கள்.)

கட்டடக்கலைக்கு வந்தால், ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடத்தைச் சொல்லாமல் முடியாது. கறையான் புற்றைப் பார்த்துக் கட்டியது, வழக்கமான ஏசி இல்லை. புற்றுக்குள் சூடான காற்று மேலெழுந்து வெளியேற, குளிர்ந்த காற்று அடியில் நுழைந்து ஒரே வெப்பநிலை நிலவுகிறது என்ற பழைய கருதுகோளே அதற்கு அடிப்படை. நமீபியாவில் புற்றுகளை ஆண்டுக்கணக்கில் அளந்த ஸ்காட் டர்னர் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றார். புற்றின் வெப்பநிலை சுற்றியுள்ள மண்ணைப் பின்பற்றிப் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. வெளிக்காற்றின் அலைவோடு மூச்சு வாங்கி விடும் நுரையீரலாகத்தான் புற்று வேலை செய்கிறது என்பது அவருடைய முடிவு. 2015இல் எல். மகாதேவன் குழுவினர் தென்னிந்தியப் புற்றுகளில் இன்னொன்றைக் கண்டார்கள்: பகலில் வெளிச்சுவரை ஒட்டிய குழாய்கள் சூடேறி அவற்றில் காற்று மேலே போகிறது, நடுவே கீழிறங்குகிறது. இரவில் ஓட்டம் திரும்பிவிடுகிறது. பகல் இரவு வெப்ப வித்தியாசமே விசை. எல்லாப் புற்றும் ஒரே மாதிரி மூச்சு விடுவதில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

ஈஸ்ட்கேட் இன்றும் குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம் கனமான கான்கிரீட்டும், இரவில் குளிர்காற்றை உள்ளிழுக்கும் மின்விசிறிகளும், ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இரவு குளிரும் ஹராரேயின் பருவநிலையும். மே மாதச் சென்னையில் இரவும் புழுங்கும். அதே கட்டடத்தை இங்கே நகலெடுத்தால் பகலின் சூட்டை இரவில் கழற்றிப்போட இடம் இருக்காது. இது தெரியாமல் புற்றைப் பற்றிப் பாடம் எடுக்கும் கட்டடக்கலைக் கருத்தரங்குகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

கடன் எப்போதும் ஒரே திசையில் போவதுமில்லை. 1866 வாக்கில் சூரிச்சில் உடற்கூற்றியலாளர் ஹெர்மன் வான் மேயர் வெட்டிய தொடை எலும்பின் உட்புற வலைப்பின்னலைக் காட்டியபோது, கட்டுமானப் பொறியாளர் கார்ல் குல்மன் அது தம் பாரந்தூக்கிக் கணக்கில் வரும் விசைக்கோடுகள் போலவே இருப்பதைக் கண்டார். எலும்பைப் புரியவைத்தது இயந்திரம். ஈஃபிள் கோபுரம் தொடை எலும்பைப் பார்த்துக் கட்டியது என்ற கதை இங்கிருந்துதான் கிளைத்திருக்க வேண்டும். கோபுரத்தை வரைந்த மொரிஸ் கெக்லன் குல்மனிடம் படித்தவர். கோபுரத்தின் வளைவைத் தீர்மானித்ததோ காற்றின் விசை பற்றிய கணக்கு. பின்னர் கார்ல்ஸ்ரூவில் கிளாஸ் மாத்தெக், மரமும் எலும்பும் சுமை விழும் இடத்தில் தடித்து, விழாத இடத்தில் மெலியும் விதத்தைக் கணினி முறையாக்கினார். பென்ஸின் அந்தப் பெட்டி மீன் காரின் சட்டத்தை மெலியவைத்ததும் இந்த எலும்பு முறையே. மீன் பொய்த்தது, எலும்பு நின்றது. உயிரியலைத் தொடாத கணிதவியலர்களும் 1988இல் வேறு பாதையில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

இவ்வளவு கதைகளையும் அடுக்கிவிட்டுத் தராசில் வைத்தவர் பாத் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் வின்சென்ட். பொறியியல் தீர்வுகளையும் உயிரியல் தீர்வுகளையும் ஒரே வகைப்பாட்டில் போட்டு 2006இல் அவர் குழு ஒப்பிட்டது. இரண்டும் சிக்கலைத் தீர்க்கும் விதத்தில் ஒத்துப்போவது 12 விழுக்காடுதான். நாம் ஒரு தடை வந்தால் இன்னும் கொஞ்சம் ஆற்றலைச் செலுத்துவோம், அல்லது வேறு பொருளைத் தேடுவோம். உயிர்கள் ஒருசில புரதம், சர்க்கரைச் சேர்மம், தாது ஆகியவற்றையே வைத்துக்கொண்டு அமைப்பை மாற்றும். அதையும் தண்ணீரில், உடல் சூட்டில் செய்யும். வாங்கத் தகுந்த சரக்கு இதுதான். இதைத்தான் குறைவாக வாங்கியிருக்கிறோம். அலகையும் செதிலையும் படம் எடுப்பது சுலபம், கிளிஞ்சல் எப்படி அறை வெப்பத்தில் வளர்கிறது என்பதைத் தொழிற்சாலையில் செய்வது சுலபமில்லை.

இயற்கையைப் பார்த்துச் செய்தால் இயற்கைக்கு நல்லது என்ற நம்பிக்கையும் இங்கேதான் சறுக்குகிறது. தாமரை இலை போல நீரை உதறும் பரப்புகளைச் செய்ய ஆய்வகங்கள் அடிக்கடி எடுத்தாள்வது ஃபுளோரின் சேர்மங்களை, மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாத குடும்பத்தைச் சேர்ந்தவற்றை. குடுவைத் தாவரத்தின் வழுக்கும் விளிம்பைப் பார்த்து 2011இல் ஹார்வர்டில் ஜோனா ஐசன்பெர்க் குழு செய்த பரப்பிலும் ஃபுளோரின் கலந்த எண்ணெய்தான் முதலில் ஊற்றப்பட்டது. இலை மெழுகால் செய்ததை நாம் நஞ்சால் செய்தால், அதில் இயற்கையின் பங்கு படம் மட்டுமே.

விதிவிலக்கு ஒன்று, பலரும் கேள்விப்படாதது. அலை அறையும் பாறையில் கடல் மட்டி நூல் விட்டு ஒட்டிக்கொள்கிறது, அதுவும் ஈரத்தில். அதன் பசை ஒரு புரதம் என்பதையும், அதில் டோப்பா என்ற அமினோ அமிலம் முக்கியம் என்பதையும் ஹெர்பர்ட் வெயிட் பல ஆண்டு உழைத்து நிறுவினார். அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் மட்டிகளைப் பார்த்த மரவியல் வேதியியலாளர் கைச்சாங் லீ, புரதம் ஈரத்தில் ஒட்டுமென்றால் மலிவான சோயாப் புரதத்தை ஏன் ஒட்டவைக்க முடியாது என்று கேட்டார். 2000களின் நடுவில் கொலம்பியா ஃபாரஸ்ட் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் பிளைவுட் பலகை ஒட்ட அதுவரை புழங்கிவந்த ஃபார்மால்டிஹைடு பசையை விட்டு இந்தச் சோயாப் பசைக்கு மாறியது. அந்தப் பசையில் மட்டி கிடையாது. டோப்பாவும் கிடையாது. சோயா மாவும், காகிதம் நனைந்தாலும் கிழியாதிருக்கக் காகித ஆலைகளில் சேர்க்கும் ஒரு பிசினும்தான் இருக்கின்றன.